விளக்கும் விளக்குமாறும்

உப்புவெளிப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருப்பது இதுதான்: "இழந்துபோனவர்களைத் தேவன் தேடுகிறார், அந்தத் தேடுதலுக்கு விருப்பமுள்ள கருவிகள் வேண்டும் என்று சொல்லி, எங்கள் சபையில் வீடு சந்திக்கும் குழுவுக்குப் பெயர் எடுக்கிறார்கள். நான் படகு எஞ்சின் திருத்துகிறவன். வசனம் சொல்லிப் பேச வராது. அயல் முழுக்க இந்துக்களும் முஸ்லிம்களும். போனால் வில்லங்கம் வருமா? போகாவிட்டால் அது கீழ்ப்படியாமையா?"

பெயர் கொடுப்பதா விடுவதா என்று கேட்பது போலத்தான் இருக்கிறது. உள்ளே மூன்று கேள்விகள் இருக்கின்றன. இழந்துபோனவர் என்றால் யார், கருவி என்றால் என்ன, திருகோணமலை போன்ற ஊரில் யாரையும் நோகடிக்காமல் அதை எப்படிச் செய்வது. முதல் இரண்டுக்கும் வேதாகமமே தெளிவாகப் பதில் சொல்கிறது. மூன்றாவதற்கு நான் சொல்லப்போவது சந்திப்பு வேலைக்கு ஆட்களைப் பழக்கியதில் தெரிந்தவையும் கொஞ்சம் சட்டமும். இவை இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

இழந்துபோனவர் என்றதும் குடிகாரன், கள்வன், கோயிலுக்குப் போகாதவன் என்று ஒரு பட்டியல் மனதில் வந்து நிற்கும். லூக்கா 15 அப்படிப் பேசவில்லை. அங்கே இயேசு சொல்லும் மூன்று கதைகளில் தொலைவது: நூறில் ஓர் ஆடு, பத்தில் ஒரு வெள்ளிக்காசு, இரண்டு பிள்ளைகளில் ஒருவன். காசு என்ன பாவம் செய்தது? மூன்று கதையிலும் கிரேக்கத்தில் ஒரே வினைச்சொல், அப்போல்லூமி. தொலைவது, அழிவது இரண்டும் அதற்குள் அடக்கம். இளைய மகன் பன்றிகளுக்கு நடுவே பசியால் சாகிறேன் என்று சொல்லும் இடத்திலும் அதே சொல். லூக்கா 8இல் புயலில் அகப்பட்ட சீஷர்கள் மடிந்துபோகிறோம் என்று அலறும்போதும் அதே சொல். ஆகவே அது நடத்தைக்குக் கொடுக்கிற நற்சான்றோ கெட்டசான்றோ அல்ல. உரியவரிடம் இல்லாமல் போன, ஆபத்தில் இருக்கிற ஒன்றைக் குறிப்பது. தொலைந்தது என்றாலே அதற்கு உரியவர் ஒருவர் உண்டு என்றாகிறது. எசேக்கியேல் 34இல் மேய்ப்பர்களைக் கடிந்துகொண்டபின் தேவன், நானே என் ஆடுகளைத் தேடுவேன் என்கிறார். தேடுகிறவர் அவர். இது முதலில் மனதில் பதியாவிட்டால் பிறகு செய்வதெல்லாம் ஆள் சேர்ப்பாகப் போய்விடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். லூக்காவில் இயேசு இந்தக் கதைகளைச் சொன்னது தொலைந்தவர்களைப் பார்த்து அல்ல. பாவிகளோடு இருந்து சாப்பிடுகிறாரே என்று முறுமுறுத்த பரிசேயரையும் வேதபாரகரையும் பார்த்து. அதே ஆட்டுக் கதை மத்தேயு 18இல் சீஷர்களுக்குச் சொல்லப்படுகிறது. அங்கே வழிதப்புவது சிறியரில் ஒருவன், அதாவது ஏற்கெனவே உள்ளே இருந்த ஒருவன். இரண்டு சுவிசேஷத்தையும் சேர்த்துப் படித்தால் தேடுதல் இரண்டு பக்கமும் போகிறது. காசு வீட்டுக்குள்ளேதான் தொலைந்தது. திருகோணமலைச் சபைகள் பலவற்றுக்கு முதல் வேலை அந்தக் காசுதான் என்பது என் அபிப்பிராயம். இதோடு ஒத்துப்போகாத போதகர்களும் உண்டு.

அடுத்தது கருவி. அப்போஸ்தலர் 9:15இல், பின்னாளில் பவுல் எனப்பட்ட சவுலைப் பற்றி 'நான் தெரிந்துகொண்ட பாத்திரம்' என்று வருகிறது. மூலச்சொல் ஸ்கெயூஸ். சட்டிபானைக்கும் அதே சொல்தான், தொழில் சாமானுக்கும் அதே சொல்தான். அப்போஸ்தலர் 27:17இல் பவுல் போன கப்பல் புயலில் மாட்டியபோது மாலுமிகள் கீழே இறக்கிய கப்பல் சாமானும் ஸ்கெயூஸ். துறைமுக ஊர்க்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. ரோமர் 6:13இல் அவயவங்களை நீதிக்குரிய ஆயுதங்களாக ஒப்புக்கொடுங்கள் என்கிறபோது வரும் ஆயுதமும் அப்படித்தான், போர்க்கருவிக்கும் தொழிற்கருவிக்கும் பொது. நம் ஊரில் ஆயுத பூசைக்கு வாளையா வைக்கிறார்கள்? உங்கள் பக்கத்துக் கராஜில் நட்டுக் கழற்றும் சாவிகளையும் ஜாக்கியையும்தான் வைப்பார்கள். தமிழில் ஆயுதம் என்ற சொல்லுக்கு இந்த இரண்டாவது பொருள் இன்னும் உயிரோடு இருப்பதால், பவுல் சொன்னது நமக்குச் சுலபமாகவே புரியவேண்டும்.

உங்கள் தொழிலிலிருந்தே ஒன்று. வாய் தேய்ந்த சாவியைப் போட்டுத் திருகினால் நட்டு கழலாது, அதன் மூலை மழுங்கும். அதற்குப் பிறகு நல்ல சாவி கொண்டுவருகிறவனாலும் கழற்ற முடியாது. வீடு சந்திப்பில் நடக்கும் கேடுகளில் பெரும்பகுதி இந்த வகைதான். ஒரு தரம் மோசமாகப் போய்ப் பேசிவிட்டு வந்த வீட்டில் அடுத்த பத்து வருடத்துக்கு யாரும் வாய் திறக்க முடியாது. 2 தீமோத்தேயு 2:21, தன்னைச் சுத்திகரித்துக்கொண்ட பாத்திரமே எஜமானுக்கு உபயோகமானது என்கிறது. பொன் பாத்திரமா மண் பாத்திரமா என்று அங்கே தரம் பார்க்கவில்லை.

பேச வராது என்கிறீர்கள். தமஸ்குவில் அனனியா என்ற ஒருவன் செய்ததைப் படித்துப் பாருங்கள். சவுலிடம் போ என்றபோது முதலில் தயங்கினான், அந்த ஆள் பொல்லாதவன் என்று கர்த்தரிடமே சொன்னான். பிறகு நேர்த்தெரு என்ற தெருவில் சொல்லப்பட்ட வீட்டுக்குப் போனான், கையை வைத்தான், 'சகோதரனாகிய சவுலே' என்று கூப்பிட்டு இரண்டு வரி பேசினான். அவ்வளவுதான். பிறகு பவுல் தன் கதையை எருசலேமில் சொல்லும்போது ஒரு தரம் அவன் பெயர் வருகிறது, அதோடு சரி. எருசலேமில் சவுலைக் கையைப் பிடித்துச் சபைக்குள் கொண்டுபோனது பர்னபா. ஒவ்வொரு வேலைக்கு ஒவ்வொரு கருவி. எத்தியோப்பிய மந்திரியிடம் பிலிப்பு கேட்டது ஒரே கேள்வி, வாசிப்பது விளங்குகிறதா என்று. அவன் ஏறி உட்காரச் சொன்னபின்தான் ஏறினான். அவன் வாசித்த இடத்திலிருந்தே தொடங்கினான். விருப்பமில்லாத கருவிக்கு யோனா இருக்கிறார். அவர் மூலமும் வேலை நடந்தது, ஆனால் நினிவே தப்பியதைப் பார்த்துச் சந்தோஷப்பட அவரால் முடியவில்லை. விருப்பம் எதற்குத் தேவை என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல விடை அதுதான்.

தான் கருவி என்றே தெரியாத கருவிகளும் உண்டு. கொட்டியாரக் குடாவில் கப்பலோடு வந்து 1660இல் மூதூர்ப் பக்கம் பிடிபட்ட ரொபட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர் கண்டி இராச்சியத்தில் ஏறக்குறைய 19 வருடம் கைதியாக இருந்தார். தனிமையில் வாடிய அந்த மனிதருக்கு ஓர் ஆங்கில வேதாகமம் கிடைத்தது கிராமத்துக் கிழவர் ஒருவரிடமிருந்து. கொழும்பு போர்த்துக்கேயர் கையை விட்டுப் போனபோது எடுத்துவந்த புத்தகம் அது. பின்னிய தொப்பி ஒன்றைக் கொடுத்து மாற்றிக்கொண்டார்கள். கிழவருக்கு அது விற்கக் கிடைத்த ஒரு பொருள், அவ்வளவுதான்.

பெண்ணின் காசுக் கதையில் இரண்டு சாமான்கள். விளக்கைக் கொளுத்துகிறாள், வீட்டைப் பெருக்குகிறாள். தமிழில் விளக்கு, விளக்குமாறு இரண்டும் ஒரே சொல்லில் தொடங்குவது எனக்கு எப்போதும் பிடிக்கும். விளக்குமாற்றின் வேலை மூலைமுடுக்கெல்லாம் போவது. காசைக் கண்டதும் குனிந்து எடுப்பது அவள் கை. அயலாரைக் கூப்பிட்டுச் சந்தோஷப்படுவதும் அவள்தான், விளக்குமாறு மறுபடி கதவுக்குப் பின்னால் போய்விடுகிறது. ஏசாயா 10:15இல் வெட்டுகிறவனுக்கு எதிராகக் கோடரி பெருமை பேசலாமா என்று வரும் கேள்வியும் இதே விஷயம்தான். ஆத்தும எண்ணிக்கையை மேடையில் அறிவிக்கும் வழக்கம் எங்கே தொடங்கினாலும் அங்கே கோடரி பேசத் தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிரசங்கங்களில் கேட்ட சிலவற்றை இந்த இடத்தில் கழித்துவிட வேண்டும். அந்தப் பத்துக் காசும் கல்யாணத் தலையணியில் கோத்தவை, தாலி மாதிரி என்று சொல்வார்கள். வசனத்தில் அப்படி இல்லை, அது பின்னால் வந்த ஊகம். அந்த வெள்ளிக்காசு, அதாவது ஒரு திராக்மா, ஏறத்தாழ ஒரு நாள் கூலி என்பது மட்டும் நம்பக்கூடியது. ஓடிப்போகும் ஆட்டின் காலை மேய்ப்பன் உடைத்துத் தோளில் சுமப்பான் என்பதற்கு வேதாகமத்தில் எந்த ஆதாரமும் இல்லை. அதைச் சொல்லி, உங்கள் வருத்தமும் தேவன் கால் உடைத்ததுதான் என்று நோயாளி வீட்டில் ஆறுதல் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். தொண்ணூற்றொன்பது ஆட்டை வேறு மேய்ப்பனிடம் விட்டுவிட்டுப் போனான் என்பதும் நாம் நிரப்பிக்கொண்டது. வனாந்தரத்தில் விட்டான் என்றுதான் எழுதியிருக்கிறது.

சரி, வேலைக்கு வருவோம். மேய்ப்பன் எண்ணியதால்தான் ஒன்று குறைவது தெரிந்தது. ஆகவே தெருவில் இறங்குவதற்கு முன் உங்கள் போதகரிடம் அங்கத்தவர் பதிவேட்டைக் கேளுங்கள். பல சபைகளில் பெரியவர்களுக்கு வரவு எடுப்பதில்லை. ஞாயிறு பாடசாலை இடாப்பும் திருவிருந்துப் பட்டியலும் அதைவிடச் சரியாக இருக்கும். ஒரு வீடு விலகத் தொடங்கினால் அநேகமாக முதலில் நிற்பது பிள்ளைகளின் வரவு. மூன்று மாதம் தொடர்ந்து காணாத பெயர்களை எடுத்து எழுதுங்கள். மூன்று மாதம் என்பது வசனம் அல்ல, கைக்கணக்கு. காய்ச்சல், வேறு கரைக்குத் தொழிலுக்குப் போனது, கொழும்பில் வைத்தியம் என்பவையெல்லாம் அதற்குள் முடிந்துவிடும். பிறகு அந்தப் பெயர்களைப் பிரியுங்கள்: இறந்தவர், இடம்மாறியவர், வெளிநாடு போனவர், வேறு சபைக்குப் போனவர். மீதியாக நிற்கிறவர்கள்தான் உங்கள் ஆடுகள். வேறு சபைக்குப் போனவரைத் தேடிப் போகாதீர்கள், அவர் தொலையவில்லை.

மீதியானவர்கள் வராத காரணம் விசுவாசக் குறைவு என்று முடிவுகட்ட வேண்டாம். கடன் தந்தவர் அதே வாங்கில் உட்காருகிறார். நுண்கடன் கிழமைத் தவணை கட்டக் காசில்லை, காணிக்கைத் தட்டு வரும்போது வெட்கமாக இருக்கிறது. மகள் வேறு மதத்துப் பையனோடு போய்விட்டாள், யார் முகத்தில் விழிப்பது என்று தாய் நினைக்கிறாள். மனைவி குவைத்துக்குப் போனபின் கணவன் கசிப்பு என்ற கள்ளச் சாராயத்தில் விழுந்துவிட்டான். சபைக் கூட்டத்தில் யாரோ ஒரு சொல் சொன்னார், அது இன்னும் குத்துகிறது. கார்த்திகையிலிருந்து தை வரை வாடைக் கடல் குமுறும் மாதங்களில் கரையோர வீடுகளில் வருமானம் படுத்துவிடும், கடன் ஏறுவதும் அப்போதுதான். அந்த மாதங்களில் சந்திப்பு அதிகமாக இருக்கவேண்டும். நடப்பில் மழை என்று குழு படுத்துவிடும்.

இருவர் இருவராகப் போங்கள், லூக்கா 10:1 அப்படித்தான். ஒரு ஜோடிக்கு மூன்று வீட்டுக்கு மேல் வேண்டாம். ஆறு பேர் கிட்டாரோடு ஒரு படலைக்குள் நுழைந்தால் ஒழுங்கை முழுக்க எட்டிப் பார்க்கும், அந்த வீட்டுக்காரர் அடுத்த தரம் கதவைத் திறக்கமாட்டார். பெண் தனியாக இருக்கும் வீட்டுக்கு இரண்டு பெண்கள் போகட்டும், அல்லது கணவன் மனைவியாகப் போகட்டும். இரவுத் தொழில் செய்கிற வீட்டில் காலை முழுக்க மீனும் வலையும், மத்தியானம் உறக்கம். பின்னேரம் நாலு மணிக்குப் பின் நல்லது. அரை மணித்தியாலத்துக்கு மேல் இருக்க வேண்டாம். முதல் மூன்று சந்திப்பும் இரண்டு கிழமைக்கு ஒன்று, பிறகு மாதம் ஒன்று, ஆறு மாதத்துக்கு. அதைச் செய்ய முடியாவிட்டால் தொடங்கவே வேண்டாம். நாலு கிழமை ஆர்வமாகப் போய்விட்டு நிறுத்துவதுதான் எல்லாவற்றிலும் பெரிய கேடு. அந்த ஆள் இரண்டாம் தரம் கைவிடப்படுகிறார்.

வாசலில் என்ன சொல்வது? "ஏன் கோயிலுக்கு வாறேல்லை?" என்று தொடங்கினால் அது பொலிஸ் விசாரணை. "கன நாளாக் காணேல்லை, ஒருக்காப் பாத்திட்டுப் போவம் எண்டு வந்தனாங்கள்" என்பது போதும். பிறகு கேட்டுக்கொண்டிருங்கள். மூன்றில் இரண்டு பங்கு நேரம் அவர்கள் பேசவேண்டும். யோவான் 4இல் இயேசு சமாரியப் பெண்ணிடம் தொடங்கியது, குடிக்கத் தண்ணீர் தா என்று கேட்டு. கொடுப்பவராகப் போகாமல் வாங்குகிறவராகவும் இருக்கத் தெரியவேண்டும், ஆகவே தேத்தண்ணியை மறுக்காதீர்கள். கிளம்பும்போது "ஒரு சின்ன ஜெபம் செய்யட்டுமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம். செய்தால் இரண்டு நிமிடம், பக்கத்து வீட்டுக்குக் கேட்காத குரலில். ஜெபத்துக்குள் புத்திமதி செருகாதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு "ஆண்டவரே, இந்தச் சகோதரன் குடியை விடவேண்டும்" என்று அவர் பிள்ளைகள் முன்னால் சொல்வது ஜெபமல்ல.

வெளியே வந்தபின் நடக்கும் பிழைதான் இன்னும் மோசம். கேட்ட இரகசியம் ஜெபக்குறிப்பு என்ற பெயரில் வாட்ஸ்அப் குழுவுக்குப் போகிறது. புதன் உபவாசக் கூட்டத்தில் பெயர் சொல்லாமல் 'பாலையூற்றில் ஒரு குடும்பம்' என்பார்கள், இந்தச் சிறிய ஊரில் அது போதாதா? ஒரே ஒரு கொப்பி வைத்துக்கொள்ளுங்கள். பெயர், போன திகதி, என்ன உதவி தேவை, அடுத்து எப்போது, இவ்வளவும் மட்டும். பாவம், பிணக்கு எதுவும் எழுத வேண்டாம். கொப்பி போதகரின் அலுமாரியில் இருக்கட்டும். படம் எடுக்கவே கூடாது. கலாத்தியர் 6:1இல் குற்றத்தில் அகப்பட்டவனைச் சாந்தத்தோடு சீர்பொருந்தப்பண்ணுங்கள் என்று வருகிறது. அந்தக் கிரேக்க வினை மாற்கு 1:19இல் செபதேயுவின் பிள்ளைகள் படகிலிருந்து வலை பழுதுபார்த்ததற்கும் வருகிறது. சாம்பல்தீவிலோ சல்லியிலோ வலை பொத்துகிறவரைப் பாருங்கள். கிழிந்த இடத்தைக் கையில் விரித்து, கண் கண்ணாக, அவசரமில்லாமல் செய்வார். கிழிந்ததைக் கொண்டுபோய்ச் சந்தையில் காட்டமாட்டார்.

ஒரு விஷயம் நம் மாவட்டத்துக்கே உரியது. தமிழ் வேதாகமம் லூக்கா 15இல் 'காணாமற்போன' என்ற சொல்லைத்தான் போடுகிறது. நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு வேறு கனம். மகனின் படத்தைச் சுவரில் மாட்டி வைத்துக்கொண்டு, கையில் கோவையோடு அலுவலகம் அலுவலகமாகத் திரிந்த தாயின் வீட்டில், 'காணாமற்போனான், திரும்பவும் காணப்பட்டான்' என்று சந்தோஷக் குரலில் வாசித்தால் என்ன ஆகும்? காணாமல் போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கான சட்டம் 2016இல் வந்தது, தாய்மாரின் காத்திருப்பு அதற்கு எவ்வளவோ முந்தியது. அப்படியான வீட்டில் அந்தப் பகுதியை நீங்களாக எடுக்க வேண்டாம். 'இழந்துபோனதைத் தேட' என்ற லூக்கா 19:10கூட அன்றைக்குத் தேவையில்லை. உங்கள் மகன் கிடைப்பான் என்று தரிசனம் சொல்வது எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. அந்தத் தாய் தேடுகிறவள். தேடுகிற தேவனை நம் எல்லோரையும்விட அவளுக்கு நன்றாகத் தெரிந்திருக்கலாம், போய் உட்கார்ந்து கேளுங்கள்.

உதவிப் பொதி பற்றி. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு அரிசியோடு கைப்பிரதியும் கொடுத்தார்கள் என்ற குற்றச்சாட்டு இந்தத் தீவில் இன்னும் ஆறவில்லை. எல்லோரும் அப்படிச் செய்யவில்லை, ஆனால் பேச்சு எல்லோர் மேலும் விழுந்தது. செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் 1994இல் ஏற்ற நடத்தைக் கோவையிலேயே, நிவாரணத்தை ஒரு மதத்தை வளர்க்கப் பயன்படுத்தக்கூடாது என்று இருக்கிறது. 2011 ஜூனில் உலகத் திருச்சபைகள் மன்றமும் வத்திக்கானின் மதங்களுக்கிடையிலான உரையாடலுக்கான அவையும் உலக இவஞ்செலிக்கல் கூட்டணியும் சேர்ந்து வெளியிட்ட ஆவணமும் அதையே சொல்கிறது: பணமோ பரிசோ காட்டி இழுக்கக்கூடாது, மதம் மாற நினைக்கிறவர் ஆறுதலாக யோசித்து முழுச் சுதந்திரத்தோடு முடிவெடுக்க நேரம் கொடுக்கவேண்டும். கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தரும் இவஞ்செலிக்கல் சபையாரும் ஒரு தாளுக்குச் சம்மதிப்பது அபூர்வம், ஆகவே அதை மதியுங்கள். நடைமுறையில், முதல் சந்திப்புக்குக் கையில் எதுவும் கொண்டுபோக வேண்டாம். பசி இருப்பது தெரிந்தால் உதவியை வேறு ஆள், வேறு நாளில், ஜெபம் இல்லாமல் கொண்டுபோய்க் கொடுக்கட்டும். அந்த ஒழுங்கையில் மற்ற மதத்துப் பசித்த வீடும் இருந்தால் அங்கேயும் போகட்டும்.

இப்போது இந்து, முஸ்லிம் அயலார். இலங்கை அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை தான் விரும்பிய மதத்தைக் கொண்டிருக்கவும் ஏற்கவும் ஒவ்வொருவருக்கும் சுதந்திரம் தருகிறது. 14ஆம் உறுப்புரை வழிபாட்டையும் அனுட்டானத்தையும் போதனையையும் குடிமக்களுக்கு அனுமதிக்கிறது. ஆனால் 2003இல் ஒரு கத்தோலிக்கக் கன்னியர் சபையைக் கூட்டிணைக்கும் சட்டமூலத்தைப் பற்றி உயர் நீதிமன்றம் தீர்மானித்தபோது, மதத்தைப் பரப்புவது அந்தப் பாதுகாப்புக்குள் அடங்காது என்றது. 2004இல் வந்த மதமாற்றத் தடைச் சட்டமூலம் சட்டமாகவில்லை. பிற மதத்தாரின் மத உணர்வை வேண்டுமென்றே புண்படுத்தும் பேச்சு தண்டனைச் சட்டக்கோவைப்படி குற்றம். மத வெறுப்பைத் தூண்டுவதற்கு 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டமும் இருக்கிறது, அதன் கீழ் பிணை எடுப்பது இலேசல்ல. உங்கள் சபை அங்கத்தவரை அவர் வீட்டில் போய்ப் பார்ப்பதில் இவை எதுவும் குறுக்கே வராது. அந்த வீட்டில் கிழமைதோறும் கூட்டம் கூடத் தொடங்கினால் விஷயம் வேறு. புதிய வழிபாட்டிடங்களுக்கு அனுமதி வேண்டும் என்ற 2008ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையைக் காட்டி அதிகாரிகள் வரக்கூடும். அப்போது சபைத் தலைமையும் ஒரு சட்டத்தரணியும் பார்க்கவேண்டும். நான் சட்டத்தரணி அல்ல.

சட்டத்தைவிடப் பெரியது மரியாதை. எபேசுவில் கலகம் நடந்தபோது, இந்த ஆட்கள் உங்கள் தேவியைத் தூஷித்தவர்கள் அல்ல என்று ஊர்ச் சம்பிரதியே, அதாவது நகர அதிகாரியே, பவுலின் தோழர்களுக்காகச் சாட்சி சொன்னான், அப்போஸ்தலர் 19:37. உங்கள் ஒழுங்கையில் கோணேசர் பக்தர் ஒருவரும் ஜும்ஆவுக்குப் போகும் ஒருவரும் உங்களைப் பற்றி அப்படிச் சொல்வார்களா என்பதை அளவுகோலாக வையுங்கள். சுவாமி அறையைப் பற்றிக் கருத்துச் சொல்லாதீர்கள். அவர்களாகக் கேட்டால் பதில் சொல்லலாம், 1 பேதுரு 3:15 சாந்தத்தோடும் வணக்கத்தோடும் என்கிறது, கேட்கிறவனுக்கு என்றும் சொல்கிறது. பிரசாதம் தந்தால் வாங்குவதா என்று பலர் கேட்பார்கள். 1 கொரிந்தியர் 8 முதல் 10 வரை வைத்து ஒரு சபை ஒருவிதமாகவும் மற்றது வேறுவிதமாகவும் முடிவெடுக்கிறது. உங்கள் போதகர் சொல்வதைக் கேளுங்கள். மறுப்பதானால் இரண்டு கையாலும் கும்பிட்டு மறுக்கத் தெரியவேண்டும்.

கருவிக்கு அளவு உண்டு. சாக நினைக்கிறேன் என்று ஒருவர் சொன்னால் அதை ஜெபத்தோடு முடித்துவிட்டு வராதீர்கள். அன்றைக்கே வீட்டார் ஒருவருக்குத் தெரியப்படுத்தி வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள், 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கமும் இருக்கிறது. பிள்ளைக்கு அடி, துன்புறுத்தல் என்றால் 1929. அங்கே இரகசியம் காப்பது என்ற பேச்சே இல்லை. நீரிழிவு மாத்திரையையோ வலிப்பு மருந்தையோ விசுவாசத்தால் நிறுத்தச் சொல்கிறவர் உங்கள் குழுவில் இருந்தால் அவரோடு போகாதீர்கள்.

கேளாமலே இறந்தவர்களின் கதி என்ன, கடைசிவரை மறுக்கிறவரை தேவன் என்ன செய்வார் என்று உங்களிடம் யாராவது கேட்கக்கூடும். இதில் சபைகள் பிரிந்துதான் நிற்கின்றன. தன் குற்றமில்லாமல் சுவிசேஷத்தை அறியாதவரும் மீட்படையலாம் என்று கத்தோலிக்கத் திருச்சபை இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் 1964இல் எழுதியது. இவஞ்செலிக்கல் சபைகளில் பலர் அதை ஏற்பதில்லை. என் வாசிப்பில் லூக்கா 15 அதைத் தீர்க்க எழுதியது அல்ல. மூத்த மகன் உள்ளே போனானா இல்லையா என்றுகூடச் சொல்லாமல் கதை நின்றுவிடுகிறது. தகப்பன் இளையவனைத் தேடித் தூரதேசத்துக்குப் போகவில்லை என்பதையும் பாருங்கள். ஆட்டுக்குப் பின்னால் போகலாம், வளர்ந்த மகனைத் துரத்த முடியாது. சில வீடுகளுக்கு வருடத்துக்கு ஒரு தரம் நத்தாருக்குக் கேக் துண்டு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, படலைத் திறந்து வைத்திருப்பது மட்டும்தான் நம் பங்கு.

ஆகவே உங்கள் கேள்விக்கு: குழு, பதிவேட்டிலிருந்து தொடங்கச் சம்மதித்தால் பெயர் கொடுங்கள். துண்டுப்பிரசுரத்தோடு தெருவில் இறங்குவதுதான் திட்டம் என்றால், தயங்குவது கீழ்ப்படியாமை ஆகாது, உங்கள் தயக்கத்தைப் போதகரிடம் மரியாதையாகச் சொல்லுங்கள். முதல் மூன்று மாதமும் இரண்டாம் ஆளாகப் போங்கள், வணக்கம் சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். விலகிப்போன தொழிலாளி ஒருவரின் எஞ்சின் வாடைக்குப் பின் ஸ்டார்ட் ஆகாமல் கிடக்கும். போய்ப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், காபுரேட்டரைத் துப்புரவாக்குங்கள், நியாயமான கூலியை வாங்குங்கள். இனாமாகச் செய்தால் அவர் கடன்பட்டவர் போல உணர்ந்து உங்கள் கண்ணில் படாமல் திரிவார். பக்கத்தில் குந்தியிருந்து அவர் பேசுவார். கையில் கிறீஸ் இருக்கும்வரை நீங்கள் பதில் சொல்லத் தேவையில்லை.